மணி அடித்த பின்: தோட்டப் பள்ளி மாணவர்களின் மாலைப் பொழுது

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. தொடர்ந்து வரும் நடவடிக்கைகளை மேற்கொள்க.

இன்றைய இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பாடவேளை முடிந்ததும் உடனே வீடு திரும்புவதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது சீருடை இயக்கம், கழகம் அல்லது மன்றம், விளையாட்டு என்னும் மூவகைப் புறப்பாட நடவடிக்கைகளில் ஏதேனும் ஒன்றுக்காகப் பள்ளியில் தங்குகின்றனர். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் உயர்கல்வியை நோக்கிச் செல்வோருக்கு இந்த நேரத்தின் மதிப்பு நன்கு விளங்கும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதற்கான புள்ளிகளில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே, பள்ளி முடிந்த பிறகு ஒரு மாணவன் செய்வதும் அவனுடைய கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

இந்த எண்ணம் நம் நாட்டிற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால், அது எல்லாப் பள்ளிகளுக்கும் வரவில்லை. சிரம்பான் நகரத்து ஆங்கிலப் பள்ளி மாணவனுக்குக் கிடைத்த மாலைப் பொழுது, சில மைல் தொலைவில் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த தமிழ் மாணவனுக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் ஒரே வயது இருக்கலாம். இருவரும் ஒரே தமிழைப் பேசியிருக்கலாம். அப்படியிருந்தும் மணி அடித்தபின் அவர்கள் சென்ற வழிகள் வெவ்வேறாக இருந்தன. அந்த வேறுபாட்டையும், தோட்டத்துப் பிள்ளைகள் தமக்கென்று உருவாக்கிக்கொண்ட மாலைப் பொழுதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் கொட்டகையும்

நெகிரி செம்பிலான் 1896ஆம் ஆண்டு முதல் கூட்டரசு மலாய் மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை அதற்கு முன்பே, 1891இல் திறக்கப்பட்டிருந்தது. விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல வழி இருந்ததால், ரப்பருக்கு உலகச் சந்தையில் தேவை கூடியபோது இம்மாநிலத்தில் தோட்டங்கள் விரைவாகப் பெருகின. ரந்தாவ், லாபு, நீலாய், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் போன்ற வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் மரங்கள் நடப்பட்டன. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக அழைத்து வரப்பட்டனர்.

குடும்பங்கள் வந்ததால் பிள்ளைகளும் வந்தனர். இங்கேயே பிறந்த பிள்ளைகளும் பெருகினர். பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால்தான் குடும்பங்கள் தோட்டத்தில் நிலைத்திருக்கும் என்பதை அரசாங்கமும் உணர்ந்தது. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு வழி செய்தது. பின்னர், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டியிருந்தது.

சட்டம் பள்ளியைக் கேட்டது. அப்பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதை அது வலியுறுத்தவில்லை. எனவே, பல தோட்டங்களில் பள்ளி என்பது லயத்து வீடுகளுக்கு அருகிலிருந்த ஒரு கொட்டகையாகவே இருந்தது. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் பாடம் நடத்தினார். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, அலுவலகக் கிராணியோ, தொழிலாளர்களுள் கற்றவர் ஒருவரோ ஆசிரியர் பொறுப்பை ஏற்றனர். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. காவிரியையும் வைகையையும் பற்றிப் படித்த பிள்ளை, தன் தோட்டத்தின் அருகில் ஓடிய லிங்கி ஆற்றைப் பற்றிப் பாடநூலில் படித்ததில்லை. பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டனர்.

நகரத்துப் பள்ளியின் மாலை

அதே காலத்தில் நகரத்து ஆங்கிலப் பள்ளிகள் இங்கிலாந்துப் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டு இயங்கின. வகுப்பறையில் கற்பது அறிவு. திடலிலும் மேடையிலும் கற்பது பண்பு என்பது அப்பள்ளிகளின் கொள்கை. அதனால், பாடவேளைக்குப் பிறகு மாணவர்களைக் காற்பந்து, கிரிக்கெட், திடல்தடப் போட்டி, சொற்போர் என்று பல குழுக்களில் ஈடுபடுத்தினர்.

கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் 1901ஆம் ஆண்டிலேயே மாணவர் படை தொடங்கப்பட்டது. 1907இல் இங்கிலாந்தில் பேடன் பவல் நடத்திய பயிற்சி முகாமிலிருந்து பிறந்த சாரணர் இயக்கம், அடுத்த ஆண்டே பினாங்கு வழியாக மலாயாவுக்குள் நுழைந்தது. மாணவர்களைப் பல இல்லங்களாகப் பிரித்து, இல்லங்களுக்கிடையே போட்டி நடத்தும் முறையும் பரவியது. இன்று நாம் ‘விளையாட்டு இல்லம்’ என்று அழைப்பது அந்த முறையின் தொடர்ச்சியே.

சிரம்பானில் 1899இல் தோன்றிய செயின்ட் பால் பள்ளியும், 1923இல் தோன்றிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளியும் அத்தகைய ஆங்கிலப் பள்ளிகளே. அங்குப் படித்த தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் இரயில்வே ஊழியர், அலுவலக எழுத்தர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகள். அவர்களுக்குக் கட்டணம் கட்டப் பெற்றோர் இருந்தனர். மாலையில் விளையாடி முடித்து நடந்தே செல்லும் தொலைவில் வீடு இருந்தது. மிக முக்கியமாக, அந்த மாலையில் அவர்களுடைய உழைப்பை எதிர்பார்த்து வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.

இத்தகைய மன்றங்கள் வெறும் பொழுதுபோக்காக மட்டும் அமையவில்லை. கூட்டத்திற்குத் தலைமை தாங்குவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, எதிர்க்கருத்தைக் கேட்டு மறுமொழி கூறுவது, வரவு செலவைக் கணக்கில் காட்டுவது ஆகியவற்றை மாணவர்கள் அங்கே பழகினர். பொதுவாழ்வுக்கான முதற்பயிற்சி அதுதான். இலங்கையின் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். 1924இல் அங்கு மாணவர்கள் ஒன்றுகூடி மாணவர் காங்கிரஸை உருவாக்கினர். அதில் முன்னின்றவர் ஹண்டி பேரின்பநாயகம். பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அவ்வமைப்பு, சாதி வேறுபாட்டை எதிர்த்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவழைத்தது. மாணவர் கூட்டம் ஒன்றில் பேசப் பழகியவர்கள், சில ஆண்டுகளில் சமுதாயத்தை நோக்கிப் பேசினர்.

தோட்டத்தின் கடிகாரம்

தோட்டத்துப் பிள்ளையின் நாள் பள்ளி மணியோடு தொடங்கவில்லை; பெரட்டுக்கு அழைக்கும் ஒலியோடு தொடங்கியது. விடியுமுன் தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூடினர். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தத்தம் நிரைக்குப் புறப்பட்டனர். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த காலை நேரத்தில்தான். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆதலால், மரம் வெட்டும் வேலை இருள் பிரியும்போதே தொடங்க வேண்டியிருந்தது.

ஒருவர் ஒரு நாளில் வெட்ட வேண்டிய மரங்கள் பல நூறு. அதனால், கணவனும் மனைவியும் வெட்டியபோது பிள்ளைகளும் உடன் சென்றனர். முந்திய நாள் வெட்டுக்காயத்தில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து எடுப்பது, மங்குகளைத் துடைத்து வைப்பது, பால் வடிந்து முடிந்ததும் அதை வாளியில் சேர்ப்பது ஆகியவை சிறு கைகளுக்கு ஏற்ற வேலைகளாகக் கருதப்பட்டன. பத்து, பன்னிரண்டு வயதை எட்டியவர்களுள் பலர் புல் வெட்டும் குழுவில் கூலிக்கே சேர்ந்தனர். ஒரு பிள்ளையின் கூலி சிறியதுதான். ஆனால், கடன் வாங்கி மாதத்தை ஓட்டிய குடும்பத்திற்கு அச்சிறு தொகையும் தேவைப்பட்டது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். தாய் காட்டு வேலைக்குச் சென்றதும் தண்ணீர் எடுப்பதும், விறகு பொறுக்குவதும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் மூத்த மகளின் பொறுப்பாயின. தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தபோதிலும், அங்கே விட முடியாத பிள்ளைகளை அக்காமாரே இடுப்பில் சுமந்தனர். இதனால் தோட்டப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்தது.

நகரத்து மாணவனுக்கு மாலை என்பது ஓய்வு நேரம். தோட்டத்து மாணவனுக்கோ பள்ளி நேரமே வேலைக்கிடையில் கிடைத்த ஓய்வு போன்றது. ஆகவே, தோட்டப் பள்ளியில் மன்றங்கள் இல்லாததற்குத் திடலோ பணமோ இல்லாமை மட்டும் காரணமன்று. ஒரு பிள்ளையின் பொழுது அவனுக்கே உரியதாக இல்லாமையே முதற்காரணம்.

ஒட்டுப்பால் பந்தும் ரப்பர் விதையும்

எனினும், வேலைக்கும் இருட்டுக்கும் இடையில் ஒரு சிறு பொழுது எஞ்சியது. அந்தப் பொழுதைத் தோட்டத்துப் பிள்ளைகள் வீணாக்கவில்லை. கடையில் வாங்கும் விளையாட்டுப் பொருள் அவர்களிடம் இல்லை. ஆனால், சுற்றிலும் ரப்பர் மரங்கள் இருந்தன.

மரத்திலிருந்து உரித்த ஒட்டுப்பாலை நூல்போல் இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் உருண்டையான பந்து கிடைக்கும். நன்றாகச் சுற்றிய பந்து கடையில் வாங்கிய பந்தைவிட உயரமாகத் துள்ளும். லயத்துக்கும் பெரட்டுக் களத்துக்கும் இடையிலிருந்த வெற்றிடம் திடலாயிற்று. கல்லோ கட்டையோ கம்பமாக நின்றது. வெறுங்காலில் ஆடிய இந்தக் காற்பந்தில்தான் தோட்டத்து விளையாட்டாளர் பலர் முதற்பயிற்சி பெற்றனர்.

ரப்பர் காய் முற்றிக் காய்ந்ததும் படீரென்று வெடித்து, விதைகளைத் தொலைவில் வீசும். பழுப்பு நிறப் புள்ளிகளுடன் பளபளக்கும் அவ்விதைகளைப் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்தனர். சிறுமியர் அவற்றைப் பல்லாங்குழிக் காய்களாக்கினர். மண்ணில் குழி தோண்டினால் பல்லாங்குழிப் பலகையும் தயார். சிறுவர் சிமெண்டுத் தரையில் விதையைத் தேய்த்துச் சூடாக்கி, அருகிலிருந்தவன் கையில் வைத்து அவனைத் துள்ளவைத்தனர். சிலேட்டில் கூட்டல் கணக்குப் போடத் தடுமாறிய பிள்ளை, பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கு முடியும் என்று மனத்திலேயே கணக்கிட்டது.

சடுகுடு, கிட்டிப்புள், சிலம்பம் ஆகியவை தமிழகத்திலிருந்து பெற்றோரோடு வந்தவை. சடுகுடு ஆட ஒரு கோடு போதும். வேறு எப்பொருளும் வேண்டியதில்லை. சிலம்பத்திற்கு ஒரு கம்பும், கற்றுக்கொடுக்க ஒரு பெரியவரும் போதும். பகலில் பால் வாளி சுமந்தவரே மாலையில் சிலம்ப ஆசானாக மாறினார். அவரைப் பிள்ளைகள் ‘வாத்தியார்’ என்றே அழைத்தனர். பள்ளி ஆசிரியருக்கு வழங்கிய அதே பெயர் அவருக்கும் கிடைத்தது.

கோவில் முற்றமே கலை அரங்கம்

தோட்டந்தோறும் ஒரு கோவில் இருந்தது. பெரும்பாலும் அது மாரியம்மன் கோவில். ஆண்டுத் திருவிழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே மாலைநேரப் பயிற்சிகள் தொடங்கிவிடும். சிறுமியர் கும்மியும் கோலாட்டமும் பழகினர். கோலாட்டத்தில் ஒருத்தியின் கோல் தவறினாலும் வட்டம் முழுவதும் குலைந்துவிடும். ஆகவே, மற்றவரின் அசைவைக் கவனித்து இணங்கி ஆடுவதை அவர்கள் அங்கே கற்றனர். வாரத்தில் ஒரு மாலை நடந்த பசனையில் பிள்ளைகள் பாடல்களை மனனம் செய்து பாடினர். எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளையும் அங்கே தமிழின் ஓசையையும் சொல்வளத்தையும் செவிவழியே பெற்றது.

நாடகம் இன்னும் பெரிய பயிற்சிக் களம். தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் சிறுவர்களைக் கொண்டே நாடகக் குழுக்களை நடத்திய காலம் அது. தமிழ் நாடகக் குழுக்கள் மலாயாவுக்கும் வந்து நடித்துச் சென்றன. தோட்டத்து மக்கள் தாங்கள் அறிந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளைத் தாங்களே நடித்தனர். சில தோட்டங்களில் காமன் கூத்து பல இரவுகள் நடைபெற்றது. வேடம் கட்டும் பெரியவருக்கு வசனம் படித்துக் காட்டுவதற்கு எழுத்தறிந்த ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குப் பள்ளிப் பிள்ளை பயன்பட்டான். ஒரு கதையை அவன் பத்துப் பதினைந்து முறை உரக்கப் படித்தான்; மற்றவர் அதைக் கேட்டு மனனம் செய்தனர். இவ்வாறு அவனுடைய வாசிப்பும் வளர்ந்தது. மேடைக் கூச்சமும் அகன்றது.

எழுத்தறிவு அப்பிள்ளைக்கு மற்றொரு பொறுப்பையும் தந்தது. தமிழகத்திலிருந்து கடிதம் வந்தால் லயத்துப் பெரியவர்கள் அவனைத் தேடி வந்தனர். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, பிறப்பும் இறப்பும் கடனும் கண்ணீருமாக நீளும் கடிதங்களை அவன் படித்துச் சொன்னான். அவர்கள் சொல்லச் சொல்ல மறுமொழியும் எழுதினான். 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழும், 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழும் தோன்றின. ஒரு தோட்டத்திற்கு ஓர் இதழ் வந்தாலும் போதும்; படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, பலர் சுற்றியமர்ந்து கேட்டனர். நகரத்துப் பள்ளியின் வாசிப்பு மன்றம் செய்த பணியைத் தோட்டத்தில் லயத்துத் திண்ணை செய்தது.

பிள்ளைகளுக்காக எழுந்த குரல்கள்

இவை யாவும் மக்களின் ஊக்கத்தால் நடந்தவை. ஆனால், ஊக்கம் ஒன்றே நல்ல பள்ளிக்கு ஈடாகாது. சடுகுடு ஆடிய சிறுவன் பன்னிரண்டு வயதில் பால்வெட்டுக்குச் சென்றால், அவன் கற்ற எழுத்தும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவர்களோடு பிள்ளைகளின் படிப்பும் பாதியில் நின்றது.

1936இல் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்தார். அதே ஆண்டில் மலாயா மத்திய இந்தியச் சங்கமும் உருவாயிற்று. தொழிலாளர்களின் கூலி, மருத்துவம், கள்ளுக்கடை ஆகியவற்றோடு பிள்ளைகளின் கல்வியும் பொதுமேடைப் பேச்சில் இடம்பெறத் தொடங்கியது.

1941இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். கூலி உயர்வு, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்தை நீக்க வேண்டும் என்றும் கேட்டனர். அக்கோரிக்கைகளுள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. அந்த வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். தங்கள் பிள்ளைகளின் கல்வியைத் தங்கள் கூலிக்கும் மானத்திற்கும் இணையாக அவர்கள் மதித்தனர் என்பதை அக்கோரிக்கைப் பட்டியல் இன்றும் காட்டுகிறது.

அவ்வாண்டு இறுதியில் போர் மூண்டது. சப்பானிய ஆட்சியில் தோட்ட மக்கள் பட்ட துன்பம் பெரிது. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆயிரமாயிரம் பேர் கொண்டு செல்லப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விளையாட்டும் எட்டாப் பொருள்களாயின.

மணிமன்றம் பிறந்தது

போருக்குப் பின் தோட்டங்களில் புதிய தலைமுறை எழுந்தது. ‘தமிழ் முரசு’ இதழின் ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி அத்தலைமுறையை அடையாளம் கண்டார். 1950களில் தம் இதழில் மாணவர்களுக்கென்றே ‘மாணவர் மணிமன்ற மலர்’ என்னும் பகுதியைத் தொடங்கினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த மாணவர்கள் அதில் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதினர்.

தாளில் தொடங்கிய மன்றம் விரைவில் ஊர்களிலும் தோட்டங்களிலும் உருவம் பெற்றது. மாணவர்கள் மணிமன்றம் என்னும் பெயரில் ஒன்றுகூடினர். கூட்டம் நடத்தினர், பேசினர், எழுதியதைப் படித்துக் காட்டினர், தமிழர் திருநாளைக் கொண்டாடினர். எழுத்தாளர், ஆசிரியர், பொதுநலத் தொண்டர் பலர் இம்மன்றங்களிலிருந்து உருவாயினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் சாரங்கபாணி நிதி திரட்டியபோது, எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பைத் தாண்டாதவர்கள், தாம் காணாத பல்கலைக்கழகத்திற்குப் பணம் கொடுத்தனர்.

நகரத்து ஆங்கிலப் பள்ளியில் மன்றத்தைப் பள்ளி நிர்வாகம் அமைத்து மாணவரிடம் கொடுத்தது. தோட்டத்திலோ மாணவர்களும் இளைஞர்களும் தாமே கூடி மன்றத்தை அமைத்தனர். அரை நூற்றாண்டு தாமதமாக வந்தாலும், அது அவர்களுடைய கையால் எழுந்தது.

இன்று

இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 60 பள்ளிகள் நெகிரி செம்பிலானில் உள்ளன. பல பள்ளிகளின் பெயரில் ‘தோட்டம்’ என்னும் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், சில இடங்களில் பள்ளியைச் சுற்றியிருந்த ரப்பர் மரங்கள் மறைந்து செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன; குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. முன்பு நடந்தே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இப்போது பேருந்தில் வருகின்றனர்.

புறப்பாட நடவடிக்கைகள் இன்று எல்லாப் பள்ளிகளிலும் உள்ளன. எனினும், பழைய சிக்கல் வேறு வடிவில் தொடர்வதையும் காணலாம். பேருந்து புறப்படும் நேரம் ஆகிவிட்டதால் பயிற்சியைப் பாதியில் விடும் மாணவர் உண்டு. வேலைக்குச் சென்ற பெற்றோர் திரும்பும்வரை தம்பி தங்கையைக் கவனிக்க வீட்டுக்கு ஓடும் மாணவியும் உண்டு. அவர்கள் ஆர்வமற்றவர்கள் என்று எளிதாக முடிவு கட்டிவிடலாகாது. நூறு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பிள்ளை பந்தாட வராமைக்குச் சோம்பல் காரணமாக இல்லை. இன்று ஒரு மாணவர் மன்றக் கூட்டத்திற்கு வராவிட்டாலும், அவருடைய மாலைப் பொழுது எவ்வாறு கழிகிறது என்று கேட்டறிவதே நல்ல தலைவருக்கும் நல்ல நண்பருக்கும் அழகு.

பள்ளி முடிந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரம் இன்று நம் கையில் இருக்கிறது. தோட்டத்துப் பெற்றோர் அதைத் தம் பிள்ளைகளுக்காகக் கேட்டனர். மாணவர்கள் மணிமன்றமாக அதை உருவாக்கினர். அவ்வரிய நேரத்தைப் பயனுள்ள வகையில் செலவிடுவதும், அது கிடைக்காத சக மாணவருக்குக் கைகொடுப்பதும் நம் கடமையாகும்.

அருஞ்சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
பெரட்டு – வேலைக்குமுன் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுதல்
நிரை – ஒருவருக்கு வெட்டுவதற்காக ஒதுக்கப்பட்ட மர வரிசை
மங்கு – ரப்பர்ப் பால் வடியும் கோப்பை
ஒட்டுப்பால் – வெட்டுக்காயத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பால்
கிராணி – தோட்ட அலுவலக எழுத்தர்
ஆயாக்கொட்டகை – தொழிலாளர்களின் சிறு குழந்தைகளைப் பராமரிக்கும் இடம்
துரை – தோட்ட நிர்வாகி

கருத்துணர் கேள்விகள்

1. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்திய கடமை யாது?
2. மரம் வெட்டும் வேலை இருள் பிரியும்போதே தொடங்கியதற்குக் காரணம் என்ன?
3. தோட்டப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தமைக்கான காரணங்களை விளக்குக.
4. ‘நகரத்துப் பள்ளியின் வாசிப்பு மன்றம் செய்த பணியைத் தோட்டத்தில் லயத்துத் திண்ணை செய்தது.’ இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.
5. 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் கோரிக்கைகளிலிருந்து தோட்டத் தொழிலாளர்களின் மனப்பாங்கைப் பற்றி நீ அறிவன யாவை?
6. ஆங்கிலப் பள்ளி மன்றங்களும் மாணவர் மணிமன்றமும் தோன்றிய முறையை ஒப்பிடுக.

நடவடிக்கைகள்

1. தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவரை நேர்காணல் செய்திடுக. அவர் சிறுவயதில் பள்ளி முடிந்தபின் செய்த வேலைகளையும் ஆடிய விளையாட்டுகளையும் இரு பட்டியலாகத் தொகுத்து வகுப்பில் படைத்திடுக.
2. ‘புறப்பாட நடவடிக்கைகளில் எல்லா மாணவர்களும் பங்கெடுக்க வழிகாண்போம்’ எனும் தலைப்பில் குழுவில் கலந்துரையாடுக. உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத் தலைவர் எனும் முறையில் மூன்று பரிந்துரைகளைத் தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதுக.